ஐந்தரை அடி உயரத்திலிருந்து

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது, அவளுடைய கணவர் சாப்பாட்டு மேசை நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும், பிறந்த குழந்தையைப் பங்காளிகளுக்குத் தூக்கிக் காட்டுகிற பாவனையில், ஒரு வெள்ளை ஹெல்மெட். நேற்று மாலை அவள் சைக்கிள் கடையில் வாங்கி வந்தது. நேற்று வரை சுத்தமாக இருந்த சுவரில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ‘ஐந்தரை அடி’ என்று அழகாக எழுதியிருந்தது. “என்னங்க பண்றீங்க?” என்பது அவள் தொண்டையைத் தாண்டி வாய்க்கு வருவதற்குள் அவர் கைகளை விரித்துவிட்டார்.

டொக்கென்று ஒரு சத்தம். ஹெல்மெட் தரையில் மோதி, ஒரு தடவை எழும்பி, உருண்டு, வெட்கப்பட்டது போல சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

“மூணாவது,” என்றார் நாற்காலியிலிருந்து. “முன்பக்கம், பின்பக்கம், உச்சி. மூணும் ஆச்சு.”

இறங்கி, மண்டியிட்டு, அதைக் கைவிட்டு எடுத்தார். டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி பரவியது. “ஒரு கீறல் இல்ல பாரு. அருமையான பொருள்.” பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை உரித்து, பின்பக்கமாக ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டு, பேனாவால் நிரப்பினார். உயரம்: ஐந்தரை. முடிவு: பாஸ். கீழே கையெழுத்து.

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் போலீஸ் என்றே நினைத்து, அவரைப் பார்த்ததும் வண்டியை ஒழுங்காக நிறுத்தினார்கள். அவரும் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை. உண்மையில் அவர் ஒரு சூட்கேஸ் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். வேலை இதுதான்: பெட்டியை நான்கடி உயரத்திலிருந்து கீழே போடுவது. எட்டு மூலைக்கு எட்டுத் தடவை. உடையாவிட்டால் பச்சை ஸ்டிக்கர், உடைந்தால் சிவப்பு. ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு சால்வையும் ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். அவராக எடுத்துக்கொண்டது ஸ்டிக்கர் சுருள் இரண்டு. அதன் பிறகு வீட்டில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றின் முதுகிலும் பச்சை ஏறியது. மாப்பிள்ளை ஒருவர்தான் ஸ்டிக்கர் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் இன்ஸ்பெக்டர் மனசுக்குள் ஒன்று ஒட்டியிருந்தார்; எந்த நிறம் என்று மகளிடம் கடைசி வரை சொல்லவில்லை.

அவளை எல்லாரும் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா என்றார்கள். அவர் வீட்டில் இருப்பதும் அவள் வேலைக்குப் போவதும் இந்தப் பட்டத்தைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை. அவள் வேலை பல்செட் கட்டுவது. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற வாயின் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புகிற லேபில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். முகமே தெரியாத எத்தனையோ பேர் அவள் கட்டிய பல்லால் சிரிக்கிறார்கள், கடிக்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள்.

சிக்கல் போன வருஷம் லேப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் மாறியதில் தொடங்கியது. நேர்வழியில் ஐந்து கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் பஸ் நேர்வழியில் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்தது; இரண்டு இடத்தில் மாறி, பாலத்தில் நின்று, ஒரு மணி பத்து நிமிஷம். பக்கத்து மனிதரின் முழங்கை விலாவில் இடிக்க, பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், ஒரு சைக்கிள் தன் ஜன்னலைக் கடந்து போவதைப் பார்த்தாள். அதில் இருந்தவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவள் ஒரு சைக்கிள் வாங்கினாள். பள்ளிக்கூடத்தோடு விட்டது, ஐம்பத்து மூன்று வயதில் மறுபடியும் ஏறினாள். முதல் நாள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மூன்று சுற்று, தாறுமாறாக. மூன்றாவது வாரம் பதினொரு சுற்று, ஒரு கையை விட்டுவிட்டு. அன்று இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்த காவலாளி, “என்னம்மா, வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் நிபந்தனை போட்டார். “ஹெல்மெட் இல்லாம ரோட்டுல இறங்கக் கூடாது. அதை நான் செலக்ட் பண்ணுவேன்.” நியாயம்தானே என்று அவளும் தலையாட்டினாள். தலையாட்டிய பிறகு ஐந்து வாரம் போனது. ஒரு ஃபைல் திறக்கப்பட்டது. இருபத்தாறு கட்டம் போட்ட ஓர் அட்டவணை வரையப்பட்டது; காற்றோட்டத் துளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், துளைகளின் வழியாகத் தேனீ நுழையும் வாய்ப்புக்கு இன்னொரு கட்டம். மகள் ஃபோனில், “அப்பா இன்னும் சாம்பிள் ஸ்டேஜ்லயே இருக்காராம்மா?” என்று கேட்டுச் சிரித்தாள். இதற்கிடையில் லேபில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்து, படிக்கட்டுக்கு அடியில் பல் அச்சு வார்க்கிற பழைய மாவுக்கல் மூட்டைகளை நகர்த்தி அவளுடைய சைக்கிளுக்கு இடம் ஒதுக்கி, ‘இங்கே வேறு யாரும் நிறுத்தக் கூடாது’ என்று பலகை கூட மாட்டிவிட்டார்கள். மூன்று வாரமாக அந்தப் பலகைக்குக் கீழே ஒரு விளக்குமாறு நின்றுகொண்டிருந்தது. “வர்ற திங்கக்கிழமை கண்டிப்பா,” என்று வெள்ளிக்கிழமை அவள் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மாலை ஃபைலைக் கேட்காமல் கடைக்குப் போனாள், தலையில் வைத்துப் பார்த்தாள், வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது மூன்று தடவை விழுந்து, பாஸாகி, சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் அட்டைப்பெட்டியிலிருந்த சிறு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தாள். பலமாகக் கீழே விழுந்தாலோ ஒரு தடவை அடிபட்டாலோ, வெளியே சேதம் தெரியாவிட்டாலும், இந்த ஹெல்மெட்டை மறுபடியும் உபயோகிக்கக் கூடாது.

“வெளியே சேதம் தெரியாவிட்டாலும்,” என்று இரண்டாம் முறை படித்தாள்.

“அது சும்மா போடறதும்மா. திரும்பத் திரும்ப வாங்க வைக்கிற தந்திரம். முப்பத்து நாலு வருஷம் நான் பாக்காத காகிதமா?”

“குடுங்க இங்க.”

அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே ஒட்டியிருந்த மெத்தைகளைப் பிய்த்து எடுத்துவிட்டு, வெள்ளை நுரையின் மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினாள். லேபில் தினமும் செய்கிற வேலை இது. குளியலறையில் கை தவறி விழுந்த பல்செட்டைக் கொண்டுவந்து, ‘ஒண்ணும் ஆகல, சும்மா ஒரு தடவை பாத்துடுங்க’ என்பார்கள். பார்த்தால் ஒன்றும் இருக்காது. விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு மயிரிழை வளைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு விழித்துக்கொள்ளும். அதை அப்படியே மாட்டி அனுப்பினால் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாகிவிடும்.

உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் நகம் தடுக்கியது. விரிசல். இன்னும் இரண்டு இடத்தில் நுரை அழுந்தி, தட்டையாகி இருந்தது.

“வந்து தொட்டுப் பாருங்க.”

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். டார்ச் அடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“உடையலயே. வெளிய ஒண்ணுமே ஆகலயே,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“உங்க பெட்டி உடையாம இருக்கறதுக்காகச் செஞ்சது. இது உடையறதுக்காகவே செஞ்சதுங்க. தலைக்குப் பதிலா இது உடையும். ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைய நீங்க காலங்காத்தால செலவு பண்ணிட்டீங்க.”

இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்தார். மடியில் ஹெல்மெட். ஒரு சட்டைப்பையில் பச்சைச் சுருள், இன்னொன்றில் சிவப்பு. எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டின் மேலும் கை போய்ப் போய்த் திரும்பியது. சோதனையில் தேறிவிட்டது, தேறியதாலேயே வீணாகிவிட்டது. இப்படி ஒரு பொருளுக்கு அவருடைய தொழிற்சாலையில் நிறமே கிடையாது. அவளுக்கு வந்த கோபம் மொத்தமும் அந்தக் கைகளைப் பார்த்ததும் எங்கோ நழுவி, அதன் இடத்தில் அடக்க முடியாத ஒரு சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதை என்ன பண்றது இப்ப?” என்றார் அவர், பரிதாபமாக.

“பஸ்ல போகும்போது போட்டுக்குங்க. கிளம்புங்க, கடை ஒரு மணிக்கு மூடிடுவான்.”

சைக்கிள் கடைக்காரர், பந்தயத்துக்குப் போகிறவர்கள் போடுகிற இறுக்கமான சட்டை அணிந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டைக்குள் அவருடைய தொப்பை ஏறியிருந்த மேடுகளைப் பார்த்தால் எந்தச் சைக்கிளும் நடுங்கும். தலையில் கறுப்புக் கண்ணாடி. கடைக்கு வெளியே அவருடைய கார் நின்றது.

“அந்த வெள்ளை மாடலா மேடம்? கடைசி பீஸையே உங்களுக்குத்தான் குடுத்தேன். ஏன், நேத்துதானே வாங்கினீங்க?”

“பாஸாயிடுச்சு,” என்றாள் அவள்.

கடைக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார்.

“சரி விடுங்க. மேடம் என்ன டிசிப்ளின்? ரோடு ரேஸா, மலையேத்தமா, டிரையத்லானா?”

“பல்செட்.”

ஒரு கணம் அந்தப் போட்டியை மனதுக்குள் தேடிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே கறுப்பு நிறத்தில், பின்னால் வால் நீண்ட ஒரு ஹெல்மெட். ஒரு பெரிய மீன் தலையை விழுங்க ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. “காத்தச் சும்மா வெட்டிக்கிட்டுப் போகும் மேடம். நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போனீங்கன்னா, பதினோரு செகண்ட் மிச்சம்.”

“நான் காத்த வெட்டப் போகல தம்பி. வேலைக்குப் போறேன். வழில காய் வாங்கணும்.”

“என்ன சைஸு?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் டேப்பை எடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்தார். அவருக்கு உயிர் வந்துவிட்டது. “அறுபத்து மூணு சென்டிமீட்டர். நானே அளந்தேன்.”

“அறுபத்து மூணா?” கடைக்காரர் பின்வாங்கி அவளுடைய தலையை மரியாதையோடு பார்த்தார். “அவ்ளோ பெரிய சைஸ் யாரும் செய்யறதே இல்லயே சார். மேடத்துக்குத் தலை கைக்கு அடக்கமாத்தானே இருக்கு?”

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து இஞ்சு டேப்பைச் சுற்றினார். “கொண்டையோடவா அளந்தீங்க?”

“தலைன்னா எல்லாம் சேந்ததுதானே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார். தோள் குலுங்கியது.

அவள் கொண்டையை அவிழ்த்தாள். முடியைக் கழுத்தோடு தாழ்வாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். துளைகளை எண்ணவில்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். தலையில் வைத்துப் பட்டையைப் போடாமலே இடமும் வலமும் ஆட்டினாள். நழுவியதைக் கீழே வைத்தாள். சிவப்பு ஒன்று நெற்றியில் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தியது. அந்த ஒரு புள்ளி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஈறில் ஒரு இடத்தில் அழுத்துகிற பல்செட்டைப் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளலாம், மதியச் சாப்பாட்டுக்குள் கழற்றித் தம்ளரில் போட்டுவிடுவார்கள். சரியானது தன்னை மறக்க வைக்கும். ஏழாவதாக எடுத்தது அப்படி உட்கார்ந்தது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே பட்டைகள் கூடி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல். தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தாள். பிடித்தது.

மஞ்சள் நிறம். சாதாரண மஞ்சள் இல்லை, சாலை போடுகிற இடத்தில் தூரத்திலிருந்தே ‘வேற வழியாப் போ’ என்று கத்துகிற மஞ்சள்.

“இதுவா?” என்றார் இன்ஸ்பெக்டர். “சாம்பல் கலர்ல கௌரவமா ஒண்ணு இருக்கே.”

“கௌரவத்த லாரிக்காரன் பாப்பானா? மஞ்சளத்தான் பாப்பான்.”

அவர் கையை நீட்டினார். அவளுடைய தலையிலிருந்து அதைக் கழற்றி வாங்கிக் கையில் திருப்பினார். பழக்கம் விடவில்லை, தோள் உயரத்துக்குத் தூக்கினார். கடைக்காரர் பாய்ந்து, “சார் சார் சார்!” என்று இரண்டு கைகளையும் கீழே நீட்டினார். இன்ஸ்பெக்டர் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“சேத்து ரெண்டா வாங்கிக்கலாம்,” என்றார் மெல்ல. “ஒண்ணு சோதிக்க. ஒண்ணு போட்டுக்க.”

“சோதிச்சது பாஸானா, போட்டுக்கிறது பாஸுன்னு எப்படிச் சொல்லுவீங்க?”

இந்தக் கேள்வியை முப்பத்து நான்கு வருஷத்தில் எந்த மேலதிகாரியும் அவரிடம் கேட்டதில்லை. அவர் ஹெல்மெட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு, அதன் மஞ்சளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “பெட்டி விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எந்த மூலைல விழுந்தா எந்தப் பூட்டு தெறிக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நீ விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதேம்மா.”

கடைக்காரர் தலையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து, அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

ஐந்து வாரமும், இருபத்தாறு கட்டமும், தேனீயும் எதற்காக என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. திங்கட்கிழமையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது இதமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“விழுந்தா எந்திரிச்சு வருவேன். முப்பது வருஷமா உங்களோட இருக்கேன், என்னவிட ஸ்டிராங்கான பீஸ் எந்தக் கம்பெனில செய்யறாங்க?”

கடைக்காரர் இந்தத் தடவை ஒளிந்துகொள்ளாமலே சிரித்தார். இன்ஸ்பெக்டரின் மீசையும் ஒரு ஓரத்தில் அசைந்தது.

திங்கட்கிழமை காலை அவள் தயாராகி வந்தபோது வீட்டில் அவர் இல்லை. “எனக்கு ஒரு வேலை இருக்கு” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு எட்டு மணிக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். வேலையா, அவருக்கா? கேட் வரை வந்து பிரேக்கை அழுத்திப் பார்ப்பார், கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார், நூறு புத்தி சொல்வார், அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று அவள் ராத்திரியே யோசித்து வைத்திருந்தாள். பதிலெல்லாம் வீணாய்ப் போனது. மஞ்சள் ஹெல்மெட் செருப்பு அலமாரியின் மேல் தனியாக இருந்தது. அதைத் தூக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. விடியற்காலையில் ஏதாவது சத்தம் கேட்டதா? அவர் எழுந்தது தெரியும். நாற்காலி இழுபட்ட மாதிரி கூட இருந்தது. உள்ளே விரலை விட்டு நுரையைத் தடவினாள். மெத்தைக்குக் கீழே தெரியவில்லை. பிய்த்துப் பார்க்க நேரமில்லை. மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

காவலாளி கேட்டை அகலத் திறந்து, எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அந்தச் சல்யூட் இதுவரை இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே உரியது.

முதல் திருப்பம் வரை ஹாண்டிலை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வலித்தன. இரண்டாவது திருப்பத்தில் ஒரு வேன் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்தது. மஞ்சளைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனது. மூன்றாவதில் மரங்கள் வந்தன. காற்று சட்டைக் கைக்குள் புகுந்து தோள் வரை போய் வந்தது. பேக்கரியின் சூட்டு வாசனை, அதற்குப் பத்தடி தள்ளி யாரோ சுவருக்கு அடிக்கிற பெயின்ட், பிறகு சலவைக் கடையின் நீராவி. பஸ்ஸில் ஒரு வருஷமாக இதே தெருவில் போகிறாள், இதற்கெல்லாம் மூக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாமல். தான் ஏதோ முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. பாட்டுத்தான். வார்த்தை பாதி மறந்துவிட்டது, மெட்டு பரவாயில்லாமல் இருந்தது.

பாலத்துக்கு முன்னால் சிக்னல். காலை ஊன்றி நின்றாள். பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண், முதுகில் பெரிய கூரியர் பை.

“ஆன்ட்டி, ஹெல்மெட்டு பின்னாடி ஸ்டிக்கர எடுக்க மறந்துட்டீங்க போல.”

அவள் சட்டென்று திரும்பினாள். “என்ன கலரும்மா?”

“பச்சை.”

“ஏதாவது எழுதியிருக்கா?”

அந்தப் பெண் ஸ்கூட்டரைக் காலால் உந்திப் பின்னால் நகர்ந்து, கழுத்தை நீட்டினாள். “முடிவு, பாஸ். கீழ ஒரு கையெழுத்து, கோழி கிளறின மாதிரி.”

“அது தெரியும். உயரம்னு ஒண்ணு இருக்கும் பாரு. அதுல என்ன போட்டிருக்கு?”

“உயரமா?” அந்தப் பெண் இன்னும் கிட்டே வந்தாள். “ஒண்ணுமே போடல ஆன்ட்டி. சும்மா ஒரு கோடு இழுத்திருக்கு.”

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது. ஓரங்கள் நன்றாக நீவிவிடப்பட்டிருந்தன. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பெட்டியைக் கூடக் கீழே போடாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. முதலாளியின் மகள் கல்யாணத்துக்குச் செய்த பெட்டியையே எட்டு மூலைக்கும் போட்டு, இரண்டு மூலை சப்பையாக்கி, மெமோ வாங்கியவர்.

“ஏன் ஆன்ட்டி, ஏதாவது தப்பா?”

“இல்லம்மா,” என்றாள். “ரொம்பச் சரியா இருக்கு.”

சிக்னல் விழுந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் வழக்கம்போல ஒன்றின் பின்னால் ஒன்றாக உறைந்து நின்றன. ஓரத்தில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு மட்டும் வழி. அவள் நிதானமாக மிதித்தாள். கார், கார், ஒரு தண்ணீர் லாரி, மறுபடி கார். அதற்கு முன்னால் அவளுடைய பழைய பஸ், அரை மணியாக நகராத முகத்தோடு. ஜன்னல்களில் தூங்குகிற தலைகள், ஃபோனுக்குள் கவிழ்ந்த தலைகள். அவற்றின் நடுவில், நான்காவது ஜன்னலில், ஒரு வெள்ளை ஹெல்மெட் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தாடைப் பட்டை ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. மடியில் ஃபைல், கையில் பேனா. பக்கத்து இருக்கைக்காரர் முடிந்தவரை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அவள் மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளை ஹெல்மெட் திரும்பியது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், ஃபைலில் எழுதக் குனிந்தார், எழுதவில்லை. ஜன்னலைத் தள்ளித் திறந்து, தலையை ஹெல்மெட்டோடு வெளியே நீட்டி, “லெஃப்ட்ல பள்ளம் இருக்கு, பாத்து! பாத்து!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். பள்ளம் எதுவும் இல்லை. அவள் ஒரு கையை விட்டுவிட்டு, ஆற்றுக்காற்றில் அதை உயர்த்தி ஆட்டினாள். பின்னால் கண்டக்டர், “யோவ் பெரியவரே, தலைய உள்ள இழுங்க!” என்று கத்துவதும், பஸ் முழுக்கச் சிரிப்பதும் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் ஹெல்மெட் சிக்கிக்கொண்டு, உள்ளே இழுக்க இழுக்க வராமல், வெயிலில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது.